மூன்றாவது மாடித் துரை

பருத்திப்பட்டில் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடும் கன்னியப்பனுக்கு நாய் என்றால் ஆகாது. ஆகாது என்று சொல்வதுகூட மரியாதைக்காகத்தான். பயம். நாற்பத்தாறு வயது, இருபத்தொன்பதரை கிலோ சிலிண்டரைத் தோளில் ஏற்றி மூன்று மாடியை ஒரே மூச்சில் ஏறிவிடுகிற ஆள், தெருமுனையில் ஒரு நாய் எழுந்து சோம்பல் முறித்தால் தன் லோடு ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போவார்.

காரணம் இருந்தது. எட்டு வயதில் ஒரு வெறிநாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. அப்பா பதினான்கு நாளும் கூலி வேலையை விட்டுவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி பெஞ்சில் படுக்கவைத்து, ஒரு கையால் நெஞ்சையும் ஒரு கையால் முழங்காலையும் அமுக்கிக்கொள்வார். கடித்த இடத்தில் தழும்புகூட இப்போது இல்லை. வயிற்றில் அந்த ஊசிகளின் கூச்சம் மட்டும் போகவே இல்லை. நாய் குரைத்தால் முதலில் இறுகுவது வயிறுதான்.

இப்படிப்பட்டவருக்குத்தான் தினமும் நாற்பது ஐம்பது வீடு ஏறி இறங்கும் வேலை அமைந்தது. எந்த வீட்டில் நாய் உண்டு, எது சும்மா கத்தும், எது கத்தாமல் வந்து கவ்வும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இருபத்திரண்டு வருடத்தில் மூன்று கடி வாங்கியிருக்கிறார். அந்த வரிசையில் அவர் அதிகம் பயந்தது ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், லிஃப்ட் இல்லாத ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருந்த நாய்க்கு. பெயர் துரை.

துரைக்குச் சொந்தக்காரர் ராஜம்மா. அரசு மருத்துவமனையில் முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போன பிறகு தனியாக இருக்கும் அம்மாவுக்குத் துணையாகட்டும் என்று மகன் ஜெகதீசன் ஒரு குட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். லாப்ரடார் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வளர வளர அதில் தெருநாயும் பாதி கலந்திருப்பது தெரிந்தது. தேன் நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும், குரல் மட்டும் கோயில் மேளம் மாதிரி.

கன்னியப்பன் சிலிண்டரோடு இரண்டாவது மாடித் திருப்பத்துக்கு வரும்போதே அந்த மேளம் தொடங்கிவிடும். "ஒரு நிமிஷம்ப்பா, உள்ள கட்டிட்டு வரேன்" என்று ராஜம்மா சொல்லி, படுக்கையறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் அவர் மிச்சப் படியை ஏறுவார். சிலிண்டரை மாட்டி, அடுப்பைப் பற்றவைத்துக் காட்டி, காலி சிலிண்டரை எடுத்துக்கொண்டு இறங்கும் வரை கதவுக்குப் பின்னாலிருந்து குரைப்பு ஓயாது. ஆறு வருடமாக இதுதான் நடந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

போன வருடம் ஆனி மாதத்தில் ஒரு நாள், கன்னியப்பன் இரண்டாவது மாடித் திருப்பத்துக்கு வந்தார். மேலே குரைப்பு எழுந்தது. எழுந்த வேகத்தில் பாதியில் உடைந்து, செருமல் மாதிரி முடிந்தது. மறுபடி ஒருமுறை எழுந்து, மறுபடி உடைந்தது.

சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு கன்னியப்பன் கேட்டார். "இன்னா சிஸ்டரம்மா, உங்க நாய்க்கு தொண்ட கட்டிகினுக்கீதா?"

"வெயிலுக்கு அப்படி இருக்கும்ப்பா."

"வெயிலு இல்லம்மா. ஆறு வருசமா அந்தக் கொரல கேட்டுகினுதான் மாடி ஏர்றேன். இது அந்தக் கொரலே இல்ல. யாரோ கழுத்த புட்ச்சிகினு கத்தச் சொன்ன மாதிரி கீது."

ராஜம்மா படுக்கையறைக்குள் போனார். திரும்பி வந்தபோது தன் இரண்டு கைவிரல்களையும் பார்த்துக்கொண்டே வந்தார். துரையின் தாடைக்கு அடியில், இரண்டு பக்கமும், எலுமிச்சம்பழம் அளவுக்குக் கெட்டியாக இரண்டு கட்டிகள். தினமும் தடவிக்கொடுக்கிற கழுத்துதான். முடிக்குள் மறைந்து எப்போது வளர்ந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"போன்ல வந்த சிலிண்டர் கோடு நம்பர் சொல்லுங்கம்மா" என்றார் கன்னியப்பன். ராஜம்மா போனைப் பார்த்துத் தப்பான எண்ணை மூன்று முறை சொன்னார். முப்பத்தொரு வருடம் வார்டில் இருந்தவர். நிணநீர்க் கட்டி இப்படிக் கெட்டியாக, வலியில்லாமல் இருந்தால் என்னவாக இருக்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐந்தாறு நாள் கழித்து, காலை பதினொரு மணி வெயிலில், அதே குடியிருப்பின் வாசலில் ஒரு ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. பூந்தமல்லி ஷவுகத் அலியின் ஆட்டோ. ராஜம்மாவின் வழக்கமான சவாரிக்காரர் அவர். மாடிப்படியின் முதல் படியில் ராஜம்மா உட்கார்ந்திருக்க, அவர் காலடியில் துரை தட்டையாகப் படுத்திருந்தது. பக்கத்து வீட்டுக்கு சிலிண்டர் இறக்க வந்த கன்னியப்பன், ஆட்டோவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"இன்னா பாய், இங்கியே உக்காந்துகினுக்கீறாங்க?"

ஷவுகத் அலி தாழ்ந்த குரலில் சொன்னார். "திருமங்கலத்துல டாக்டராண்ட இட்னு போனோம் மாமே. கட்டில ஊசி உட்டு எடுத்து பாத்தாங்க. கேன்சராம். போறப்ப எறங்கி வந்துச்சு. இப்ப ஒரு படிகூட ஏற மாட்டன்னு படுத்துக்கிச்சு. எனக்கு கொடலிறக்கம் ஆப்ரேசன் ஆயி மூணு மாசம்தான் ஆவுது, தூக்கக் கூடாது. சிஸ்டருக்கு முட்டி ரெண்டும் போச்சு."

ராஜம்மா யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. நாயின் தலையைத் தடவிக்கொண்டு, அது எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தார். கூப்பிட்டிருந்தால் கன்னியப்பன் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பார். கூப்பிடாததுதான் கஷ்டமாகப் போயிற்று.

"எவ்ளோ வெயிட்டும்மா இருக்கும்?" என்று தூரத்திலிருந்தே கேட்டார்.

"முப்பத்தொரு கிலோ. இன்னைக்குத்தான் டாக்டர் எடை போட்டாங்க."

சிலிண்டரை விட ஒன்றரைக் கிலோதான் அதிகம். கன்னியப்பன் வாயைத் துடைத்துக்கொண்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அது வாய கட்டுங்கம்மா" என்றார்.

ராஜம்மா கைப்பையிலிருந்து பேண்டேஜ் துணியை எடுத்து, நர்ஸுக்கே உரிய லாகவத்தோடு மூன்று சுற்றுச் சுற்றிக் காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டார். கன்னியப்பன் தோளில் போடும் கோணிச் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். முன்காலுக்கும் பின்காலுக்கும் அடியில் கையைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே தூக்காகத் தூக்கித் தோளில் சாத்தினார்.

சிலிண்டர் குளிர்ந்திருக்கும், அசையாது. இது சூடாக இருந்தது. இவர் கழுத்தோரத்தில் அதன் இதயம் தடதடவென்று அடித்தது. இவருடையதும் அதே வேகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது. முதல் மாடியில் நிற்கவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் தோளிலிருந்து முதுகு வழியாக வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது.

"அய்ய! ஒண்ணுக்கு உட்டுட்டியா?" என்றார். கோபம் வரவில்லை. தன்னைவிட அது அதிகமாகப் பயந்திருக்கிறது என்பது அந்த ஈரத்தில்தான் அவருக்குப் புரிந்தது. "ஆச்சு, ஆச்சு. இன்னும் ஒரு மாடிதான். கம்னு இரு."

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் மனைவி விஜி மூக்கைச் சுளித்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவர். "இன்னாய்யா, நாய் வாசன அடிக்குது உம்மேல?"

"நாயத் தூக்குனேன்."

விஜி சிரிக்க ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். கல்யாணமாகி இருபது வருடத்தில் நாயைப் பற்றி அவர் சொன்ன எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விஜிக்குத் தெரியும். "கட்ச்சிதா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அதே குடியிருப்பில் வேறு வீட்டுக்கு சிலிண்டர் போட வந்த கன்னியப்பனிடம் ராஜம்மா முழு விவரத்தையும் சொன்னார். நிணநீர்ச் சுரப்பியில் வருகிற புற்றுநோய். அறுத்து எடுக்கிற கட்டி அல்ல, உடம்பெங்கும் ஓடுகிறது. ஊசி மருந்துதான் வழி. மொத்தம் பதினாறு ஊசி, நடுநடுவே ஓய்வு வாரம், ஐந்து மாதம் ஆகும். டாக்டர் மஹ்ஜபீன் மறைக்காமல் சொல்லிவிட்டார். பத்து நாய்க்கு எட்டு ஒன்பதில் கட்டி கரைந்துவிடும். முழுக்கக் குணமாகும் என்று சொல்ல முடியாது. நன்றாக இருக்கிற நாளை நீட்டிக் கொடுக்கலாம். பல நாய்கள் ஒரு வருடம் இருக்கும், சில அதற்கு மேலும் இருக்கும்.

"ஜெகதீசன் வேணாங்கறான்" என்றார் ராஜம்மா. "நாய் மேல ஆசை இல்லாம இல்ல. உன் முட்டிய வெச்சுக்கிட்டு எப்படிம்மா வாரா வாரம் கீழ எறக்குவேன்னு கேக்கறான். அதுக்குத்தான் எங்கிட்ட பதில் இல்ல."

"நீங்க இன்னா நெனைக்கிறீங்க?"

"ஏழு வயசு நாய்க்கு ஒரு வருஷம்ங்கறது சின்ன விஷயமா கன்னியப்பா? வார்டுல எத்தனையோ பேருக்கு நான் மருந்து ஏத்தியிருக்கேன். ஒரு மாசம் கூடக் கெடைக்கட்டும்னு ஏங்கினவங்கள பாத்திருக்கேன்."

கன்னியப்பன் காலி சிலிண்டரின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே நின்றார். ஏழரைக்கு குடோனில் லோடு ஏற்ற வேண்டும். மதியம் சாப்பாட்டு நேரம் ஒரு மணிக்கு. "வியாயக்கெயம காலீல ஆறரைக்கு வந்து எறக்கி உட்டுர்றேன். மத்தியானம் வந்து ஏத்தி உட்டுர்றேன். வாய கட்டி வெச்சிருங்க" என்றார். சொல்லி முடித்ததும் தானா சொன்னோம் என்று அவருக்கே திகைப்பாக இருந்தது.

முதல் ஊசி போட்ட நாலாம் நாள் கட்டி இரண்டும் நெல்லிக்காய் அளவுக்கு வற்றிவிட்டன. ராஜம்மா போன் செய்து சொன்னார். சிலிண்டர் விஷயமில்லாமல் ஒரு வாடிக்கையாளர் தனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. அடுத்த நாலு வீட்டுக்கும் கன்னியப்பன் சீட்டியடித்துக்கொண்டே ஏறினார்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. இரண்டாவது மருந்து வேறு வகை. துரை வாந்தி எடுத்தது. தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மருந்தின் மிச்சம் சிறுநீரில் இறங்கும் என்பதால் ஊசி போட்ட மூன்று நாளைக்குக் கையுறை போட்டுத்தான் துடைக்க வேண்டும். ராஜம்மா கன்னியப்பனுக்கும் ஒரு பெட்டி கையுறை வைத்திருந்தார். மதியம் தூக்கும்போது ரப்பர் ஷீட்டைச் சுற்றி, கையுறையோடு தூக்கினார்.

எடை முக்கியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எடையைப் பார்த்துத்தான் மருந்தின் அளவு. வாரம் முழுக்க அது இளைக்கிறதா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது என்று ராஜம்மா புலம்பியபோது, கன்னியப்பன் கீழே போய் ஆட்டோவிலிருந்து தன் வில் தராசைக் கொண்டுவந்தார். சிலிண்டரில் கேஸ் சரியாக இருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்குத் தொங்கவிட்டுக் காட்டுகிற கொக்கித் தராசு. போர்வையின் நாலு மூலையையும் முடிந்து, துரையை நடுவில் உட்காரவைத்து, கொக்கியை மாட்டி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். போர்வைக்குள்ளிருந்து ஒரு காது மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது.

"இருபத்தொன்பது" என்று படித்தார் ராஜம்மா.

அடுத்த வாரம் இருபத்தெட்டு. அதற்கடுத்த வாரம் இருபத்தேழுக்கும் கீழே. படியேறுவது கன்னியப்பனுக்குச் சுலபமாகிக்கொண்டே வந்தது. அந்தச் சுலபம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஐந்தாவது வாரம் ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்துவிட்டது என்று ஊசியைத் தள்ளிப்போட்டார்கள். அதற்கடுத்த வியாழன் காலை கன்னியப்பன் போனபோது ராஜம்மா கதவைத் திறக்கவே நேரமாயிற்று. குளியலறையில் வழுக்கி, வலது முட்டி பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னைக்கு முடியாது கன்னியப்பா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார். போன வாரமும் ஊசி தவறிப்போயிருந்தது.

கன்னியப்பன் ஏஜென்சிக்குப் போன் செய்தார். "அண்ணாத்தே, இன்னிக்கி லீவு. வூட்ல ஒடம்பு செரியில்ல." யாருக்கு என்று கேட்டார்கள். "தொரைக்கு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

ஷவுகத் அலியின் ஆட்டோவில் பின் சீட்டில் அவரும் நாயும் மட்டும். அம்பத்தூர் தாண்டும் வரை இருவரும் ஆளுக்கொரு ஓரத்தில் இருந்தார்கள். ஒரு பள்ளத்தில் ஆட்டோ தூக்கிப் போட்டதும் துரை சரிந்து அவர் தொடையில் தலையை வைத்தது. பிறகு எடுக்கவில்லை.

டாக்டர் மஹ்ஜபீனுக்கு முப்பது வயதுதான் இருக்கும். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குப் போடலாம். நீங்க துரையோட ஓனரா?" என்றார்.

"இல்ல டாக்டர். நான் கேஸ்காரன்."

"என்ன கேஸ்? போலீஸ் கேஸா?"

"சமையல் கேசு டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டு, உடனே முகம் மாறிச் சொன்னார். "நல்லாப் பிடிச்சுக்கணும். இந்த மருந்து நரம்புக்குள்ளதான் போகணும். அவன் அசைஞ்சு வெளியில கசிஞ்சா அந்த இடத்துச் சதையே வெந்து போயிடும். வாய்க்கட்டை எடுத்துடறேன், மூச்சு வாங்கறான். உங்களுக்குப் பயமில்லையே?"

பயமில்லை என்று பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "புட்ச்சிக்கிறேன் டாக்டர்" என்று மட்டும் சொன்னார். எஃகு மேசையில் துரை படுத்திருந்தது. முன்காலில் மயிர் மழித்த சிறு சதுரம். ஊசி முள்ளைப் பார்த்ததும் அதன் வயிற்றுச் சதை துடித்தது. கன்னியப்பனின் வயிறும் இறுகியது. சட்டென்று அந்தப் பழைய பெஞ்சு நினைவுக்கு வந்தது. படுத்திருந்த பையனை அல்ல, அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த அப்பாவைத்தான் முதல் முறையாக நினைத்துப் பார்த்தார். அப்பா ஒவ்வொரு நாளும் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். என்ன பேசினார் என்பது நினைவில்லை. நிறுத்தாமல் பேசினார் என்பது மட்டும் நினைவிருந்தது.

ஒரு கையை நாயின் நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு, மறு கையால் காலைப் பிடித்துக்கொண்டு, காதோரம் குனிந்து கன்னியப்பனும் பேச ஆரம்பித்தார். "எம்மாம் பெரிய தொர நீ, இதுக்குப் போயி பயப்படலாமா? சின்ன ஊசிடா. இன்னிக்கி பிள்ளையார் கோயில் தெருவுல ஒம்பது சிலிண்டரு போடணும், உன்னாலதான் போச்சு. அந்த நாலாம் நம்பர் வூட்டம்மா என்ன திட்டப் போவுது பாரு…" அவர் போட வேண்டிய வீடுகளின் பட்டியலை முழுவதும் சொல்லி முடித்தபோது மருந்தும் இறங்கி முடிந்திருந்தது. துரை அசையவில்லை. முடிந்ததும் அவர் மணிக்கட்டில் வழிந்த வியர்வையை ஒருமுறை நக்கியது. கட்டு இல்லாத வாய். பல்லெல்லாம் தெரிந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை விஜி ஒரு தூக்குவாளியை அவர் கையில் கொடுத்தார். உள்ளே கேழ்வரகுக் களி, உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஈரலைப் பிசைந்து கலந்தது. "டாக்டராண்ட போன்ல கேட்டுட்டுத்தான் செஞ்சேன். துன்னாலும் சரி, துன்னாட்டியும் சரி. குடுத்துப் பாரு."

கோழியும் சாதமும், விலை உயர்ந்த டப்பா உணவும் வேண்டாம் என்றிருந்த துரை, விஜியின் களி உருண்டையை முகர்ந்து பார்த்தது. ஒரு ஓரத்தைக் கடித்தது. பிறகு தட்டு தரையில் நகர்ந்து சுவரில் முட்டும் வரை தின்றது. நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ராஜம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன் பொண்டாட்டி கைய கொண்டா, முத்தம் குடுக்கணும்" என்றார். அன்றிலிருந்து விஜி கம்பெனிக்குக் கிளம்பும் முன் தினமும் துரைக்கு ஒரு உருண்டை தனியாக எடுத்து வைத்தார்.

தராசு முள் திரும்பியது. இருபத்தேழரை. இருபத்தெட்டரை. ஒன்பதாவது ஊசியின்போது முப்பதைத் தொட்டது. கட்டி இருந்த இடத்தில் எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ராஜம்மா வீட்டுக்கு அடுத்த சிலிண்டர் முறை வந்தது. வியாழக்கிழமைகளில் வெறும் தோளோடு போகும் கன்னியப்பனைத் துரை வாலை ஆட்டி வரவேற்கப் பழகியிருந்தது. அந்த நினைப்பில் கன்னியப்பன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு தைரியமாக ஏறினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சிலிண்டர் கைப்பிடிக் கம்பியில் இடித்து 'ணங்' என்றது. மேலே மேளம் வெடித்தது. உடையாத, செருமாத, பழைய முழுக் குரல்.

"டேய், நான்தான்டா!" என்று கத்தினார். குரைப்பு நிற்கவில்லை. வாசலில் சிலிண்டரைக் கண்டதும் துரை பின்னால் பாய்ந்து, முதுகுமயிர் சிலிர்த்து, அந்தச் சிவப்பு உருளையைப் பார்த்துக் குரைத்தது. கன்னியப்பன் அதை இறக்கி வைத்துவிட்டு இரண்டடி தள்ளி வந்து நின்றார். துரை சிலிண்டரைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து, அவர் காலில் உடம்பை உரசிவிட்டு, திரும்பி நின்று மறுபடி சிலிண்டரைப் பார்த்துக் குரைத்தது.

கன்னியப்பனும் ராஜம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆறு வருஷமா அவன் உன்னப் பாத்து குரைக்கவே இல்ல போலிருக்கே" என்றார் ராஜம்மா.

கன்னியப்பன் சிரிக்கத் தொடங்கி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெகு நேரம் சிரித்தார்.

பத்தாவது ஊசிக்குப் பிறகு துரை தானே படி இறங்கியது. தூக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. ஆனாலும் வியாழன் ஆறரைக்குக் கன்னியப்பன் வந்து நின்றார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நடப்பார். ஐப்பசி மழையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற ஒரு நாள் மட்டும், ஷவுகத் அலியின் ஆட்டோ மெயின் ரோட்டைத் தாண்டி உள்ளே வர முடியாததால், மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டார். மாடியிலிருந்தும் கடை வாசலிலிருந்தும் பார்த்தவர்கள் சிரித்தார்கள். "இன்னா கன்னியப்பா, புது மாடல் சிலிண்டரா?" என்று மளிகைக்கடை அய்யாசாமி கேட்டார். தோளில் துரை ராஜா மாதிரி சுற்றிலும் பார்த்துக்கொண்டு வந்தது.

கார்த்திகைத் தொடக்கத்தில் பதினாறாவது ஊசி முடிந்தது. டாக்டர் மஹ்ஜபீன் கழுத்து, தோள், தொடை இடுக்கு என்று ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்த்துவிட்டு, நோய் இப்போது அடங்கியிருக்கிறது என்றார். "திரும்பி வரலாம். வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். மாசம் ஒரு தடவ கூட்டிட்டு வாங்க. மத்த நாளெல்லாம் அவன நோயாளியாப் பாக்காதீங்க." ராஜம்மா அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் வீட்டுக்கு வந்து இரண்டு முறை சொன்னார்.

பொங்கலுக்கு வந்த ஜெகதீசன், துரை மாடிப்படியில் மேலும் கீழும் ஓடுவதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஒன்று கேட்டான். "நாய்க்கு வைத்தியம் பாத்தாச்சு. உன் முட்டிய எப்பம்மா பாக்கறது?" ஆறு வருடமாகத் தள்ளிப்போட்ட அறுவை சிகிச்சை அது. முதலில் துரை சின்னது என்றார், பிறகு துரைக்கு உடம்பு சரியில்லை என்றார். இப்போது சொல்ல ராஜம்மாவிடம் சாக்கு ஏதும் இல்லை. "மூணு வாரம் இவன யார்கிட்ட விடறது?" என்று மட்டும் கேட்டார்.

அது கன்னியப்பனின் காதில் விழுந்தது. வீட்டுக்குப் போய் விஜியிடம் சொன்னார். விஜி, "கேக்கவும் வேணுமா? இட்னு வா" என்றார்.

மாசி மாதத்தில் ராஜம்மா மருத்துவமனையில் சேர்ந்தார். கன்னியப்பனின் ஒற்றை அறை வீட்டில் துரைக்கு வாசல்கதவுக்குப் பக்கத்தில் இடம் போட்டார்கள். அது அங்கே படுக்கவில்லை. விஜியின் தையல் மெஷினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மெஷினின் மிதியில் கால் வைக்க இடமில்லாமல் விஜி இரண்டு நாள் திட்டினார். மூன்றாம் நாள் மெஷினையே கொஞ்சம் நகர்த்திப் போட்டார். தெருவில் மற்ற நாய்களைக் கண்டால் கன்னியப்பனுக்கு இன்னும் வயிறு இறுகத்தான் செய்கிறது. துரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போகும்போது மட்டும், அதை அவற்றிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருப்பதால், முன்னால் நின்று "போ, போ" என்று விரட்டுகிறார்.

அந்த மாதப் பரிசோதனையும் அதற்கு நடுவே வந்தது. ஷவுகத் அலியோடு போய்வந்து, மதியம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ராஜம்மாவுக்கு வீடியோ கால் போட்டார். மருத்துவமனைக் கட்டிலில், வாக்கரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராஜம்மா உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் இல்லியாம், சிஸ்டரம்மா. சுத்தமா கீதாம். முப்பத்திரண்டு கிலோ. களிய கொறைக்கச் சொன்னாங்க டாக்டர்."

"நானும் இன்னைக்கு கதவு வரைக்கும் நடந்தேன் கன்னியப்பா" என்றார் ராஜம்மா. "அடுத்த மாசம் நானே கூட்டிட்டுப் போறேன். நீ சும்மா கூட வா, போதும்."

போனிலிருந்து குரல் வந்ததும் துரை எழுந்து வந்து, கன்னியப்பனின் முழங்கை வழியாகத் தலையை நுழைத்து, திரையை முகர்ந்தது. கண்ணாடி ஈரமாகி ராஜம்மாவின் முகம் மங்கியது. கன்னியப்பன் சட்டை முனையால் அதைத் துடைத்து மறுபடி அதன் முகத்துக்கு நேரே பிடித்தார். மணி ஒன்றரை ஆகிவிட்டிருந்தது. சரஸ்வதி நகரில் பன்னிரண்டு வீடு பாக்கி. இன்னும் ஐந்து நிமிடம் போனால் பரவாயில்லை என்று அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.